சோட்டிக்கு வைத்த முட்டை

சோட்டியின் காதுக்குள் மஞ்சளாக இருந்தது. அன்று காலைதான் என் மனைவி சரோஜா மஞ்சள் கிழங்கை இடித்திருந்தாள். அதில் போய்ப் புரண்டிருக்கும் என்று நினைத்து, துணியை நனைத்துத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள்.

சோட்டி பாமரேனியன் நாய். பூனை அளவுதான் இருக்கும். எங்கள் மகள் வளர்த்தது. அவள் கல்யாணமாகிப் பக்கத்து ஊர் ஆகுர்டிக்குப் போனபோது மாமியார் வீட்டில் நாய் வேண்டாம் என்றார்கள். எங்களோடு நின்றுவிட்டது. மராத்தி நாட்டில், கட்கியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் வேலைக்குப் போய்விட்டால் சரோஜாவுக்குப் பேச்சுத்துணை அதுதான்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஈரல் கெட்ட நாயை வைத்துக்கொண்டு என்ன போடுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் இருப்பார்கள். நாங்களும் அப்படி நின்றோம். அதனால் எழுதுகிறேன்.

பஜாரில் நாய் டாக்டர் இருந்தார். மராத்திக்காரப் பெண், சின்ன வயசு. இந்தியில்தான் பேசினோம். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

ரத்தம் எடுத்தார். பிலிருபின் (ஈரல் கழிக்க முடியாமல் ரத்தத்தில் தேங்கும் மஞ்சள் பொருள்) ஏறியிருந்தது.

"லிவர் வீங்கியிருக்கு அங்கிள். மருந்து தரேன். ஆனா சாப்பாடுதான் முக்கியம். இப்ப என்ன போடறீங்க?"

"நாங்க சாப்பிடறதுதான்."

"நீங்க என்ன சாப்பிடறீங்க?"

"சாம்பார் சாதம். ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உப்பு, எண்ணெய், வெங்காயம், மசாலா எதுவும் கூடாது, லேசான சாப்பாடாகப் போடுங்கள் என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். லேசான சாப்பாடு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சரோஜாவுக்கு மஞ்சள் காமாலை புதிதில்லை. அவளுடைய தம்பி சேகர் ஆம்பூரில் அதில்தான் போனான். பதினைந்து பதினாறு வயசுப் பையன். பத்தியத்தில் கிடந்தவனுக்குப் பெரியம்மா ஒரு வாய் கறிக்குழம்பு சோறு கொடுத்தாளாம். மறுநாள் போய்விட்டான். பத்தியம் முறிந்ததால்தான் போனான் என்று வீட்டில் சொன்னார்கள். பெரியம்மாவை அதன்பின் யாரும் வாசலில் சேர்க்கவில்லை.

அதனால் சோட்டிக்குப் பத்தியம் கடுமையாக நடந்தது. குவார்ட்டர்ஸ் சாக்கடை ஓரம் முளைத்த கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். உப்பில்லாக் கஞ்சி. வேறொன்றுமில்லை. நாங்கள் சாப்பிடும்போது அது பார்த்துக்கொண்டே இருக்கும். பார்க்கச் சகிக்காமல் அவளும் உப்பில்லாமல் சாப்பிட்டாள். என் தட்டிலும் அதேதான் விழுந்தது.

மஞ்சள் இறங்கியது. ஆனால் சோட்டி வாசற்படி ஏறவில்லை. தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. நான் ஷிப்ட் முடிந்து வந்து, அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஜாருக்கு நடந்தேன். கால் வலித்தது. அது கனக்கவே இல்லை.

டாக்டர் அதை மேசையில் விட்டுப் பார்த்தார்.

"மஞ்சள் குறைஞ்சிருக்கு. நாய் எங்க அங்கிள்?"

என் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்தார். ரோமத்துக்குக் கீழே எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டியது.

புரதம் (சதை வளர்க்கும் சத்து) இல்லாமல் ஈரல் தன்னைச் சரிசெய்துகொள்ளாது என்றார். வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் உடம்பு தன் சதையையே தின்னும். ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்குப் போனால் நாய் வட்டமாகச் சுற்றும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் புரதத்தைக் குறைக்க வேண்டும். சோட்டிக்கு அது இல்லை.

"பட்டினி போட்டிருக்கீங்க. முட்டை வேக வச்சுக் குடுங்க."

இதற்கென்று டப்பா உணவு பம்பாயில் கிடைக்கலாம், தேட வேண்டாம், வீட்டுச் சாப்பாடே போதும் என்றார். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, உப்பில்லாத பனீர், வடிகட்டிய தயிர், கொஞ்சம் பரங்கிக்காய். சிறிது சிறிதாகப் பல வேளை. ஆட்டு ஈரல் மட்டும் போடக் கூடாது. எங்கள் கறிக்கடைக்காரர் விஷயம் கேட்டு, ஈரலுக்கு ஈரல்தான் பலம் என்று காசு வாங்காமலே நீட்டினார். நல்ல மனசுதான். அதில் உள்ள செம்புச்சத்து கெட்ட ஈரலில் தங்கிவிடுமாம். உங்கள் நாய்க்கு வேறு மாதிரி இருக்கலாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். முக்கியமாக, என்ன போடக் கூடாது என்பதோடு எழுந்து வராமல், என்ன போட வேண்டும் என்றும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"முட்டையா? காமாலைக்கா?" என்றாள் சரோஜா. "அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

"படிச்சிருக்கு."

"சேகர் போனத அது பாத்துச்சா? நான் பாத்தேன்."

"இப்பிடியே வுட்டாலும் போயிடும் சரோ. முதுவத் தொட்டுப் பாரு."

அவள் தொடவில்லை. "உங்க கையால போடுங்க. நான் இங்க நிக்க மாட்டேன்."

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் இல்லை.

நான் முட்டையை நசுக்கிச் சோற்றில் பிசைந்து வைத்தேன். சோட்டி மோந்தது. என்னைப் பார்த்தது. பிறகு தின்றது. தட்டு நகர்ந்து சுவரில் இடிக்கும்வரை நக்கியது.

மறுநாள் ஷிப்டில் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் திரும்பும்போது வாசலில் சோட்டி படியில் உட்கார்ந்திருந்தது. தானாக ஏறியதா, அவள் தூக்கி வைத்தாளா, கேட்கவில்லை. உள்ளே அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது.

"எனக்குக்கூட இப்பிடி வேளைக்கு ஆக்கிப் போட்டதில்லயே" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு? நல்லாத்தான இருக்கீங்க."

அதன்பின் ஃபேக்டரி சங்கு ஊதும்போதெல்லாம் அதற்கு ஒரு வாய் வைப்பாள். மெல்ல முதுகில் சதை மூடியது.

அப்படி ஒருநாள் தட்டை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"சேகரும் பசிக்குது பசிக்குதுன்னுதாங்க கேட்டான்" என்றாள். "நாங்க யாரும் குடுக்கல. பெரியம்மாதான் குடுத்துது."

அவன் எதனால் போனான் என்று எனக்குத் தெரியாது. அவள் இதைச் சொன்னபோது பெரியம்மாவும் உயிரோடு இல்லை.

சோட்டியின் ஈரல் முழுதாகத் தேறவில்லை. பார்த்துப் பார்த்துப் போட்டதில் சில வருஷம் இருந்தது. வயதாகித்தான் போனது. நானும் ரிட்டயர் ஆகி, சங்குச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே வீடு பிடித்துவிட்டேன். இப்போதும் சங்கு ஊதினால் எனக்குப் பசிக்கிறது. கொஞ்சம் தின்றால் அடங்கிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது கை கீழே போய் ஒரு முதுகைத் தேடுகிறது.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். வாய் கசந்து படுத்திருந்தேன். சங்கு ஊதியது. கண்ணைத் திறந்தேன். பசிக்குது என்று நான் சொல்லவில்லை. அதற்குள் சரோஜா முட்டை பிசைந்த சோற்றுத் தட்டை வைத்துவிட்டாள்.