தண்ணீர் நன்றாக விழுகிறது, வரவும்

1. வரச் சொன்னது நான்

சுப்பையாவும் அவர் மனைவி பேச்சியம்மாளும் எங்கள் லாட்ஜ் வாசலில் குதிரை வண்டியை விட்டு இறங்கிய காலையில், மெயின் அருவியில் வெறும் பாறைதான் தெரிந்தது. பாறை இடுக்கில் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சாரல் விழ வேண்டிய ஆனி மாசத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவர்களை வரச் சொல்லிக் கார்டு எழுதியவன் நான்.

ஐம்பதுகளின் கடைசி அது. குற்றாலத்தில் லாட்ஜ் கிளார்க்காக எனக்கு மூன்றாவது சீசன். இப்போதுள்ள பிள்ளைகள் போனைத் தட்டினால் அருவியே கையில் வந்து நிற்கிறது. அன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு இருந்த வழி ரிப்ளை கார்டு. இரட்டைக் கார்டு அது. ஒரு பாதியில் கேள்வியை எழுதி, மறுபாதியில் தங்கள் விலாசத்தை எழுதிப் போடுவார்கள். அந்த மறுபாதியைக் கிழித்து, பதில் எழுதி நாங்கள் தபாலில் சேர்க்க வேண்டும். யார் எழுதினாலும் கேள்வி ஒன்றுதான்: அருவியில் தண்ணீர் விழுகிறதா?

நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. நாற்காலியில் இருந்தபடியே அருவிச் சத்தம் கேட்கும். எதற்கு எழுந்து போய்ப் பார்ப்பானேன்? வந்த கார்டு அத்தனையிலும் ஒரே மூச்சில், 'சாரல் ஜோர். தண்ணீர் நன்றாக விழுகிறது. வரவும்' என்று எழுதித் தள்ளுவேன். அந்த வருஷம் சீசன் நடுவில் சாரல் முறிந்தது. சத்தமும் நின்றது. கை மட்டும் பழக்கத்தில் அதையே எழுதியது. சுப்பையாவின் கார்டு வந்தது அப்படி ஒரு நாளில்.

சுப்பையாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் பஞ்சுமில்லில் வேலை. கேட்டுக் கேட்டு வாங்கிய லீவு இரண்டே நாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் வந்தது அதுதான் முதல் தடவை. பேச்சியம்மாள் பையைக்கூட இறக்கி வைக்காமல் மலையைப் பார்த்தபடி நின்றார்.

"எங்கன தம்பி அருவி?"

கையைக் காட்டினேன். பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"எங்கூர்ல ஒரு மைலு நடந்து தண்ணி எடுக்கணும் தம்பி. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து என் தலையில தண்ணி குடத்துலதான் இருந்திருக்கு. குடம் இல்லாம ஒருநா தலையில விழணும்னு ஆசப்பட்டேன்."

அவர் கையிலிருந்த பையை வாங்கி வராந்தாவில் வைத்தேன்.

மேனேஜர் சங்கரன் அண்ணாச்சி என்னை உள்ளே இழுத்துப் போனார். "ஏலே காதரு, மூஞ்சிய அப்படி வச்சுக்கிடாத. எல்லாருக்கும் சொல்லுத மாதிரி நாளைக்கு விழும்னு சொல்லு. ரெண்டு நா கூடப் போய்ச் சுத்திக் காட்டு. வயிறு நெறஞ்சா கோவம் பாதி போயிரும்."

அவர்களிடம் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

2. ரெண்டு நாள் புரோகிராம்

தண்ணீர் இல்லாத நாட்களுக்கென்று என்னிடம் ஒரு புரோகிராம் உண்டு. என்ன பார்ப்பது, எங்கே தின்பது, எந்த நேரத்துக்கு எங்கே போவது என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மனசு வைத்து நடத்தினேன்.

முதலில் சித்திரசபை. சுவரெல்லாம் ஓவியம். சுப்பையா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து தூணில் முட்டிக்கொண்டார். அடுத்து பழக்கடை. மங்குஸ்தானைப் பேச்சியம்மாள் அதற்கு முன் கண்டதில்லை. உள்ளங்கைக்குள் வைத்து இப்படி அமுக்க வேண்டும் என்று நான் பிளந்து காட்டினேன்.

"ஆத்தாடி, உள்ள வெள்ளப்பூண்டு மாதிரில்லா இருக்கு!" என்றார். ஒரு சுளையை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். தோட்டுச் சாயம் சேலையில் பட்டுவிட்டது. அது துவைத்தாலும் போகாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் தென்காசி. செங்கோட்டைக்காரர் ஒருவர் நடத்திய கடையில் புட்டும் பயறும் பப்படமும். சுப்பையா மூன்று தடவை வாங்கினார். "இது என்னட்டி, மாவ குழாய்க்குள்ள வச்சு அவிச்சிருக்கான்? நீயும் செய்யேன்" என்றார். "குழாய வாங்கித் தாரும், செய்யுதேன்" என்று வந்தது பதில்.

அப்புறம் பெரிய கோயில். அன்றைக்குக் கோபுரம் கிடையாது, இடிந்துபோன மொட்டைக் கோபுரம். ஆனால் அந்த வாசல் காற்று அன்றும் உண்டு. நுழையும்போது எதிரே நின்று தள்ளும், கொஞ்சம் உள்ளே போனால் முதுகில் கை வைத்துத் தள்ளும். நான் வெளியே நின்றுகொண்டேன். தலைமுடியெல்லாம் கலைந்து சிரித்துக்கொண்டே வந்தார் பேச்சியம்மாள்.

"போன்னு தள்ளுதாரா, வான்னு தள்ளுதாரான்னு வெளங்கல தம்பி."

திரும்பும் வழியில் மெயின் அருவியைத் தாண்டும்போது பேச்சியம்மாள் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "நாளைக்கு விழும்க்கா" என்றேன். சொன்ன வாயை நானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

3. எண்ணெய்த் தலை

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியான ரயிலுக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். காலையில் பார்த்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயைத் தலை நிறைய வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் எண்ணெய் வழிகிறது. அருவியில் இன்றும் பாறைதான்.

"அக்கா, பின்னால கெணறு இருக்கு. நான் எறைச்சுத் தாரேன், ஊத்திக்கிடுங்க."

"கெணத்துத் தண்ணிக்கு நான் எதுக்குத் தம்பி ரயிலேறி வரணும்?"

சுருக்குப் பையிலிருந்து என் கார்டை எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. புருஷனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணியிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, "சாரல் ஜோர். தண்ணீர் நன்றாக விழுகிறது. வரவும்" என்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "பாவம், இந்தத் தம்பி எழுதும்போது விழுந்திருக்கும். பெறவு நின்னுபோனா அவரு என்ன செய்வாரு?"

என் மேல் பழி வரக்கூடாது என்று அவர் எனக்காகப் பேசினார்! அந்த வராந்தாவில் எனக்கு நிற்க முடியவில்லை. தெருவுக்கு ஓடி வந்தேன். ஐந்தருவியிலிருந்து திரும்பிய ஒரு வண்டிக்காரரை மறித்துக் கேட்டேன்.

"அஞ்சுல ஒண்ணு விழுது பாய். ஆனா அது ஆம்பளைய பக்கத்துல. பொம்பளைய பக்கம் பாறை காஞ்சு கெடக்கு. காலையிலருந்து எட்டுப் பத்துப் பொம்பளைய எண்ணெயும் தலையுமா குந்தியிருக்காவ."

"வண்டியத் திருப்பும்" என்றேன்.

4. முதுகு காட்டி நின்றவர்கள்

வண்டிக்காரர் சொன்னது சரிதான். ஒரே ஒரு கிளையில் தண்ணீர், தொடைப் பருமனுக்கு விழுந்தது. அதற்கடியில் இருபது முப்பது ஆண்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் உடம்பில் சோப்பு, ஒருத்தர் உடம்பில் எண்ணெய். இந்தப் பக்கப் பாறையில் பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வண்டியில் வந்திறங்கிய பேச்சியம்மாளும் போய் அவர்களோடு உட்கார்ந்தார். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான்.

சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினேன். "அண்ணாச்சிமாரே, ஒரு அரைமணி நேரம் வெளிய வாங்க. பொம்பளைய குளிக்கட்டும்."

முன்னால் நின்ற ஒரு ஆள், மீசை முழுக்கச் சோப்பு, "யாருலே நீ? ஆம்பளைய பக்கத்துல வந்து சட்டம் பேசுத?" என்று அதட்டினார். போலீஸ் ஏட்டு என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

ஆனாலும் சொல்லிவிட்டேன். "நான் லாட்ஜ் கிளார்க்குங்க. அங்கன உக்காந்திருக்க அக்காவுக்குத் தண்ணி விழுதுன்னு பொய்யாக் கார்டு எழுதிட்டேன். பாக்காமலே எழுதினேன். அத நம்பி வந்திருக்காவ. இன்னைக்கு ரயிலு. தலையில எண்ணெயோட திருப்பி அனுப்புனா நான் மனுசனே இல்ல."

ஏட்டையா கண்ணிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "எந்த லாட்ஜு?"

சொன்னேன்.

"அட படுபாவி! ராயகிரியிலருந்து என்னையும் நீதானலே வரச் சொன்ன! சாரல் ஜோர்னு எழுதுனது நீதானா?"

அருவியே சிரித்தது. "எனக்கும் அதே கார்டுதான்!" என்று பின்னாலிருந்து இன்னொருத்தர் கத்தினார். அடி விழும் என்று நான் குனிந்துகொண்டேன். ஏட்டையா என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பிறகு திரும்பி, "சரி சரி, எல்லாரும் ஏறுங்கலே! அங்கன போய் முதுகக் காட்டி நில்லுங்க. எவனாவது திரும்புனா கழுத்தத் திருப்பிருவேன்" என்றார்.

ஏறினார்கள். பாதிச் சோப்பும் பாதி எண்ணெயுமாக முப்பது ஆண்கள் வெயிலில் வரிசையாக, காட்டைப் பார்த்தபடி நின்றார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு ஏட்டையா காவல். நானும் சுப்பையாவும் அந்த வரிசையில்தான் நின்றோம். சோப்புக் காய்ந்து அரிக்கிறது என்று ஒருத்தர் முனகினார். ஏட்டையா ஒரு பார்வை பார்த்தார், முனகல் நின்றது.

அதனால் நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டதை மட்டும் சொல்கிறேன். முதலில் பெண்கள் இறங்குகிற சளசளப்பு. அப்புறம் ஒரு கூச்சல், "ஆத்தாடீ!" என்று. அப்புறம் சிரிப்பு. நிற்காமல், மூச்சு வாங்க வாங்க, சின்னப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு.

சுப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், அது எங்க வீட்டுக்காரிதான்" என்றார். "பதினாலு வருசமா அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல." அவர் அழுதார். நானும் அழுதேன். எங்கள் முகத்தைப் பார்க்க எதிரே மரங்கள்தான் இருந்தன.

தலை சொட்டச் சொட்ட வந்தார் பேச்சியம்மாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "அங்கன நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சு தம்பி" என்றார். "நீங்க உள்ளத எழுதியிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோம். நல்லாருங்க. ஆனா இனிமே பாக்காம எழுதாதிய. எல்லாருக்கும் ஏட்டையா கெடைக்க மாட்டாரு."

5. கேட்டது அவ்வளவுதான்

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் அருவிக்கு நடந்து போய், தண்ணீரில் தலையைக் கொடுத்துவிட்டு வந்துதான் பேனாவைத் தொடுவேன். இல்லாத நாளில், 'தண்ணீர் இல்லை. பொறுத்து வரவும்' என்று எழுதினேன். "லாட்ஜ மூடிட்டு ஒன்ன அனுப்பணும்லே" என்று அண்ணாச்சி ஒரு சீசன் முழுக்கத் திட்டினார். அப்புறம், காதர் எழுதினால் சரியாக இருக்கும் என்று ஆட்கள் என் பெயருக்கே கார்டு போடத் தொடங்கியதும் திட்டுவதை விட்டார்.

அடுத்த ஆனியில் சுப்பையாவின் கையெழுத்தில் ஒரு ரிப்ளை கார்டு வந்தது. 'இந்த வருஷம் லீவு இல்லை. வருவதற்கில்லை. இங்கே மழையும் இல்லை. தண்ணீர் விழுகிறதா என்று மட்டும் எழுதவும். பேச்சி கேட்கச் சொல்கிறாள்.'

அவர்கள் அப்புறம் வரவே இல்லை. ஆனால் ஆனி பிறந்தால் அந்தக் கார்டு வந்துவிடும். வருஷா வருஷம் அதே ஒரு கேள்விதான். வராத ஆளுக்கு எதற்குப் பதில் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மற்றக் கார்டுகளை ஒதுக்கிவிட்டு அதற்குத்தான் முதலில் எழுதுவேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: நீ எழுதுகிற ஒரு வரியை எங்கேயோ ஒருத்தி சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு எழுது.

பேச்சியம்மாளுக்கு நான் எழுதிய ஒரு பதில் இன்னும் நினைவிருக்கிறது. 'விழுகிறது அக்கா. இப்போதுதான் நனைந்துவிட்டு வருகிறேன். எழுத்து கரைந்திருந்தால் சுப்பையா அண்ணாச்சியை நிதானமாகப் படிக்கச் சொல்லவும். தலை துவட்டாமல் எழுதுகிறேன்.'