வாசலில் கழற்றிய ஷூ

இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குள் ஷூவோடு போகிறார்கள். இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் எனக்கு இது ஒப்பவில்லை. மழையில் ஊறிய ஷூ, சேறு அப்பிய பூட்ஸ் எல்லாம் புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறைவரை போகின்றன. ஒருமுறை காத்திருந்த நேரத்தில் எண்ணினேன். பதினேழு பேர், முப்பத்து நான்கு ஷூ. வெறுங்கால் ஒன்றுகூட இல்லை.

சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு ஆறு படிகள். ஐந்தாவது படியில் செருப்பைக் கழற்றிவிடுவோம். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் செக்கிங் பார்த்த எனக்கு எதையும் எண்ணாமல் கண் நிற்காது. படியில் கிடக்கும் செருப்புகளை எண்ணியே என் மனைவி சரசுவின் முறை எப்போது வரும் என்று சொல்லிவிடுவேன். அவளுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போனால் நர்ஸ் ஜெயராணி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார். "ஏனுங்க அம்மிணி, குதிகால் இப்படி வெடிச்சிருக்குது, எண்ணெய் போடறதில்லீங்களா?" என்பார். சரசு என் பக்கம் கையைக் காட்டி, "இவரு ஊர்ல இருக்கறதையெல்லாம் எண்ணுவாருங்க. என்ற காலை மட்டும் பார்க்கமாட்டாருங்க" என்பாள்.

குறையே இல்லாத இடம் என்று சொல்லமாட்டேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். சில மாதம் முப்பது மாத்திரைக்கு இருபதுதான் கிடைக்கும். மீதிப் பத்துக்கு இன்னொரு நடை. அதற்காக மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. பிற்பாடு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சரசு அப்போதும் ஜெயராணியைப் பார்த்துவர நடந்தே போனாள்.

இங்கே வைத்தியத்தின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதனிடம் போய்ச் சேருவதுதான் பாடு. காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். வரிசையில் நீங்கள் இருபத்து மூன்றாவது ஆள் என்று ஓர் இயந்திரக் குரல் சொல்லும். எண்ணைச் சொல்வதால் அந்தக் குரலை மட்டும் எனக்குப் பிடிக்கும். சரசு சோர்ந்து போயிருக்கிறாள் என்று போன மாதம் கூப்பிட்டபோது, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அது உண்மை. மறுவாரம் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

அன்று மருத்துவமனைக் கதவருகே சரசு நின்று ஷூவைக் கழற்றினாள். என்ன நினைப்பில் இருந்தாளோ, நானும் யோசிக்காமல் கழற்றினேன். நான்கையும் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். வரவேற்பு மேசைப் பெண் வெளியே ஓடி அவற்றை எடுத்துவந்து, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். உள்ளே சேறு வரக் கூடாதே என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் சேற்றை உள்ளே கொண்டுவந்துவிட்டதாக அவர் நினைத்து, சேறு எங்கே என்று குனிந்து தரையைத் தேடினார். அப்போதுதான் சரசுவின் இடது சாக்ஸில், சுண்டுவிரல் பக்கம் இருந்த பழுப்புக் கறையைக் கண்டார். பேச்சை விட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

ஷூவுக்குள் பேத்தியின் பொம்மைத் துண்டு ஒன்று கிடந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாளோ, அவளுக்கே தெரியவில்லை. குளிருக்கு அவள் சாக்ஸைக் கழற்றுவதே அபூர்வம். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க மூட்டும் இடம் கொடுக்காது. நான் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் டாக்டர் வந்துவிட்டார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். ஒன்பது தடவை கட்டு மாற்றினார்கள். ஜெயராணியின் கையைப் போலவே பதமான கைகள். ஆனால் இந்தக் கைகளுக்குக் கால் தெரிய ஒரு கறை வேண்டியிருந்தது.

இப்போது தினமும் காலையில் அவள் காலை என் மடியில் வைத்து, விரல் இடுக்குகளை விலக்கிப் பார்க்கிறேன்.

"எண்ணியாச்சுங்களா?" என்கிறாள்.

"பத்தும் இருக்குது."

"ஜெயராணிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. நீங்க என்ற காலைப் பார்க்கறீங்கன்னா நம்பவேமாட்டாங்க."

கதவருகே எங்கள் ஷூ நான்கு. ஊரில் பூட்டிய வீட்டுக்குள், கட்டிலடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்த செருப்பு நான்கு. ஆக எட்டு. கால்கள் நான்குதான்.