முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு

பிள்ளைகளா, எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் எப்படிக் கல்யாணம் முடிவானது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவள் முந்திக்கொண்டு, “பாதிப் பாட்டு வாசிச்சு வந்த மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் காரைக்குடியில் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. என் கூட்டாளிக்கு ரேடியோ ரிப்பேர் கடையில். என்னிடம் ஒரு கிட்டார் இருந்தது. பினாங்கிலிருந்து யாரோ கொண்டுவந்தது, பழைய சாமான் கடையில் தூசியடைந்து கிடந்ததை வாங்கினேன். அவனிடம் மேண்டலின். விசேஷ வீடுகளில் இரண்டு பேரும் இங்கிலீஷ் பாட்டு வாசிப்போம். பாட மாட்டோம். வார்த்தை புரிந்தால்தானே பாடுவதற்கு.

பாட்டுப் பிடிப்பது அவன் கடை ரேடியோவில். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி வரும். ஒரு பாட்டு ஒரு தடவைதான். மறுபடி எப்போது போடுவார்களோ தெரியாது. முழுப் பாட்டும் மனதில் நிற்காது. அதனால் பங்கு பிரித்துக்கொண்டோம். முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு. முன்பாதி ஓடும்போது அவன் கடைக்குப் பின்னால் போய் நிற்பான். நான் முதுகில் தட்டினால் உள்ளே வருவான். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன். வீட்டுக்குப் போய் கிட்டாரில் எடுத்துப் பார்க்கிறவரை யாரோடும் பேச மாட்டேன். டீக்கடைக்காரர் ரொம்ப நாளாக எனக்குக் காதுவலி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டுகளின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. கேட்கும்போது இட்லி தின்றுகொண்டிருந்தால் அது இட்லிப் பாட்டு. பல்லி கத்தினால் பல்லிப் பாட்டு. வாசிக்கும்போது என் பாதியை நான் எடுக்க, அவன் கூடவே தட்டிக்கொண்டு வருவான். அவன் பாதிக்கு நான் தட்டுவேன். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சேர்ந்துதானே போகிறோம், எதற்கு என்று இருந்துவிட்டோம்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை மெட்ராஸில் வேலை பார்க்கிறவர். சாயங்கால வரவேற்புக்கு இங்கிலீஷ் பாட்டுத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். எங்களைக் கூப்பிட்டார்கள். அன்று காலையில் என் தாய்மாமன் வந்தார்.

“மாப்ளே, அந்தக் கல்யாணத்துக்கு இளையாத்தங்குடிப் பக்கத்துலருந்து ஒருத்தர் வாராக. பொண்ணோட அப்பா. உன்னையப் பார்க்கத்தான் வாராக. தெரியாத மாதிரி இரு.”

பெண்ணை நான் பிள்ளையார்பட்டிக் கோயிலில் ஒரு தடவை பார்த்திருந்தேன். தன் செருப்புக் காணாமல் போனதற்கு அழாமல், யாரோ ஒரு ஆச்சி தொலைத்த செருப்பையும் சேர்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை.

நான் நேரத்தோடு போய்விட்டேன். கூட்டாளியைக் காணோம். பிள்ளையார்பட்டியில் ஒரு கடைக்காரரின் மைக்செட்டைச் சரிபார்க்கப் போயிருந்தான்; அவன் திரும்பி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும்? முகப்பில் ஜமக்காளம் விரித்து, மைக் வைத்து, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அந்த வீட்டு அப்பச்சி, கையைக் காட்டினார். ஆரம்பித்தேன்.

இட்லிப் பாட்டின் முன்பாதியை வாசித்தேன். அவன் வரவில்லை. அதையே இன்னொரு தடவை வாசித்தேன். நிறுத்தினேன். கைதட்டினார்கள். பல்லிப் பாட்டும் அப்படியே. குடைப் பாட்டும் அப்படியே. எல்லாம் மாடிப்படி ஏறி நடுப்படியில் நிற்கிற மாதிரி நின்றன.

“ஏம்ப்பா, பாட்டு அம்புட்டுத்தானா?” என்றார் அப்பச்சி.

“அம்புட்டுத்தாங்க.”

“இங்கிலீஷ்காரன் காரியக்காரன்தான். நம்மாளுக மாதிரி இழுத்துக்கிட்டுக் கிடக்கமாட்டான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஒருவர் மட்டும் தூணோரம் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், தோளில் துண்டு. பக்கத்தில் என் மாமா. நீங்கள் ஐயா என்று கூப்பிடுகிற உங்கள் அம்மாவின் அப்பாதான் அவர்.

கொஞ்ச நேரத்தில் மாமா ஒரு சோடாவோடு என்னிடம் வந்து குனிந்தார்.

“மாப்ளே, அவுக எந்திரிக்கப் பார்க்கிறாக.”

“என்ன மாமா சொன்னாக?”

“பாதி உழுதுட்டு ஏரை அவுத்துட்டுப் போற ஆளா இருக்காரே உங்க மருமகன், இவருக்குப் பொண்ணைக் குடுத்து நான் என்ன செய்யன்னு கேக்கிறாக. ஒண்ணையாச்சும் முழுசா வாசிடா.”

“மிச்சம் அவன்கிட்ட இருக்கு மாமா.”

மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

சோடாவைக் குடித்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பூக்காரர் ஒருவர் ஓட்டிவந்தார். பின்னால் மல்லிகைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் மேண்டலினைப் பிடித்தபடி என் கூட்டாளி. ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பூ வாசம் தூக்கியது.

“எது வரைக்கும் போனே?”

“எல்லாத்துலயும் பாதி.”

“எல்லாத்துலயுமா? கூறுகெட்டவனே, ஒண்ணு ரெண்ட மிச்சம் வச்சிருக்கலாம்ல. சரி, வரிசையச் சொல்லு.”

“இட்லி, பல்லி, குடை.”

முன்வரிசையில் இருந்த ஒருவர், “தம்பி, பந்தி இப்பப் போட்ருவாக” என்றார்.

அவன் எடுத்தான் பாருங்கள். இட்லிப் பாட்டின் பின்பாதி, மூச்சு வாங்காமல் பல்லியின் பின்பாதி, அப்புறம் குடை. நான் தலையைக் குனிந்து கிட்டாரில் தட்டிக்கொண்டே போனேன். நடுப்படியில் நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே போய்ச் சேர்ந்தது. அப்பச்சிக்கு இது வேறு பாட்டு, அது வேறு பாட்டு. தூணோரம் பார்த்தேன். எழுந்திருக்கப் போனவர் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் அவரே என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மிச்சத்தையெல்லாம் அந்தத் தம்பிதான் வச்சிருக்காரா?”

“ஆமாங்கய்யா.”

“ஏன் அப்பிடி?”

ரேடியோவில் பாட்டுப் பிடிக்கிற விதத்தைச் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதையும் சொன்னேன். சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே கையை நிதானமாகக் கழுவினார்.

“அப்ப சண்டை போட்டாலும் பிரிய முடியாது.”

“முடியாதுங்க. எத்தனையோ தடவை போட்டிருக்கோம்.”

“ம்” என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று மாமாவைக் கேட்டேன். கொஞ்சம் பொறு என்று போனவர், வெற்றிலை போட்ட வாயோடு திரும்பி வந்தார்.

“வர்ற வெள்ளிக்கிழமை நம்மள வீட்டுக்கு வரச் சொல்லிட்டாக. அந்த மேண்டலின்காரத் தம்பியையும் கூட்டிட்டு வரணுமாம்.”

கூட்டாளி கேட்டுவிட்டு, “பொண்ணு பார்க்க எனக்கும் பாதியா?” என்றான். முதுகில் ஒன்று வைத்தேன்.

மறுநாள் காலையில் நான் பட்டறைக்குப் போகவில்லை. எங்கள் கொல்லையில் கிணற்றோரம் நான் முள்வேலி அடைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டது மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஊர் ஆடெல்லாம் அந்தத் திறப்பு வழியாகத்தான் வந்து போகும். யாரையும் கூப்பிடவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முள் வெட்டி, மிச்சத்தையும் அடைத்து, கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு ஒரு தடவை அசைத்துப் பார்த்தேன்.