கிளட்ச் இல்லாத கார்

நான் கால்நடை மருத்துவர். வீடு பசுமலையில், வேலை பெரும்பாலும் சமயநல்லூரைச் சுற்றியுள்ள மாட்டுத் தொழுவங்களில். கன்று போட முடியாமல் திணறிய பசு ஒன்று சட்டென்று திரும்பியபோது, என் இடது கால் அதற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. கணுக்கால் நொறுங்கியது. கடைசியில் மூட்டை அசையாதபடி திருகாணி போட்டு இணைத்துவிட்டார்கள். நடக்கலாம், நிற்கலாம். பாதத்தை மட்டும் மடக்க முடியாது.

வீட்டு வாசலில் என் பழைய டீசல் காரில் ஏறிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து முழுக்காலையும் தள்ளி கிளட்சை மிதித்தேன். மிதிக்கும்போது எப்படியோ உள்ளே போனது, விடும்போது என் பேச்சைக் கேட்கவில்லை. கார் குதித்துப் போய் கேட்டில் முட்டி நின்றது.

என் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். சத்தம் கேட்டு வெளியே வந்தவர் முதலில் கேட்டைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார்.

"வண்டிய வித்துருவோம். பேசாம ஒரு கிளினிக் போட்டு உக்காரு."

"மாடு பஸ் ஏறி கிளினிக்குக்கு வருமா?"

ஓட்டுவதற்கு ஒருவரை வைத்துப் பார்த்தோம். நல்ல மனிதர்தான். ஆனால் விடிவதற்குள் அழைப்பு வந்தால் அவருடைய போன் அணைந்திருக்கும். அப்படி ஒரு காலையில், நான் போய்ச் சேர்வதற்குள் கன்று வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. அன்று திரும்பி வரும் வழியில் முடிவு செய்தேன், இனி நானேதான் ஓட்டுவேன்.

புதுக் கார் வாங்கும் நிலைமையில் நாங்கள் இல்லை. ஆனால் என் காரிலேயே, அதே இன்ஜினோடு, ஆட்டோமேட்டிக் கியர் வைத்தும் ஒரு காலத்தில் விற்றிருக்கிறார்கள் என்று தெரியவந்தது. வழக்கமாக வண்டி பார்க்கும் சமயநல்லூர் மெக்கானிக்கிடம் போய் நின்றேன்.

"மாட்டுக்கு வேற காலு வெக்கச் சொல்ற மாதிரி கேக்குறீங்களே டாக்டரம்மா" என்றார்.

"முடியாதாண்ணே?"

"முடியும்னுதேன் சொல்றாய்ங்க. நான் செஞ்சதில்ல. பாதியில நின்னுச்சுன்னா உங்களுக்கு ஓட்ட வண்டியும் இருக்காது, எனக்கு மூஞ்சியும் இருக்காது."

"நின்னா என் பொறுப்பு."

அதன் பிறகு என் வேலை போன் செய்வதுதான். பழைய கார்களைப் பிரித்து விற்பவர்கள் யாரையும் விடவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒருவரிடம் என் காரைப் போலவே ஆட்டோமேட்டிக் ஒன்று இருந்தது. பின்னால் லாரி மோதி, டிக்கி இருந்த இடமே தெரியவில்லை. மெக்கானிக் குனிந்து முன்பக்கம் முழுவதையும் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரு கீறல் இல்ல. கியரை மட்டும் கழட்ட வேணாம், வண்டியோடவே எடுத்துருவோம்" என்றார். அப்படியே எடுத்தோம். மருத்துவச் சான்றோடு போக்குவரத்து அலுவலகத்தில் பலமுறை படியேறி, மாற்றத்துக்கு அனுமதியும் வாங்கினேன்.

பட்டறையில் இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் வாய் பிளந்து நின்றன. என் காரின் கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் பெடலைக் கழற்றி மெக்கானிக் என் கையில் கொடுத்தார். உடனே பழைய இரும்புக் குவியலில் போட்டேன். மற்றதிலிருந்து கியர்பாக்ஸ், அகலமான பிரேக் பெடல், கியர் மாற்றும் தண்டு எல்லாம் வந்து பொருந்தின. இன்ஜினும் ஓடியது.

ஆனால் வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொண்டது. பாரம் ஏற்றிய கிழட்டு மாடு போல முனகிக்கொண்டே நகர்ந்தது, வேகம் ஏறவில்லை. மெக்கானிக் எண்ணெயை மாற்றினார், ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டினார். மாற்றம் இல்லை. கடைசியில் கையைத் துடைத்தபடி என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"கியரு சொல்றது உங்க வண்டி கம்ப்யூட்டருக்குப் புரியல. பழைய கியரையே மாட்டிருவோம்மா."

"மாட்டி நான் என்ன செய்ய? அந்த வண்டியோட கம்ப்யூட்டர் இருக்குல்ல?"

"அது தனியா வராது. வயரு, சாவி அம்புட்டும் சேந்து வரணும். ரெண்டு வண்டியிலயும் டேஷ்போர்டையே பிரிக்கணும்."

"பிரிங்கண்ணே."

அவர் தயங்கினார். அப்போது கூட வந்திருந்த என் கணவர், "எங்க எது வரும்னு நான் குறிச்சுத் தாரேன். லீவு போட்டுட்டு வாரேன்" என்றார். எனக்கே ஆச்சரியம். சொன்னபடி வந்தார். காரின் தரையில் மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு வயரின் நுனியிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதினார். மெக்கானிக் ஒரு காரிலிருந்து உருவினார், இன்னொன்றில் கோத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மீண்டும் சாவியைத் திருப்பி நான்குவழிச் சாலையில் ஏறினோம். மெக்கானிக் ஓட்டினார். இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் தானாக மாறுவதை இன்ஜின் சத்தத்திலேயே கேட்க முடிந்தது. "கியரு விழுகுதும்மா!" என்று அவர் கத்தினார். பின்சீட்டில் என் கணவர் கைதட்டினார்.

நான் ஓட்டியபோது வேறு சிக்கல். வேகம் குறைக்க நினைத்தவுடன் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய் அகலப் பிரேக்கை ஓங்கி மிதித்தது. பக்கத்து சீட்டில் இருந்த என் கணவரின் நெற்றி முன்கண்ணாடியைத் தொட்டுத் திரும்பியது. காலை இருக்கையோடு ஒட்டி மடக்கி வைத்தேன். அது மறுபடி மறுபடி எழுந்து வந்தது. காலையில் ஆளில்லாத சாலைகளில் ஓட்டி ஓட்டி அதற்குப் புத்தி சொன்னேன்.

முதல் அழைப்பு ஒரு வாய்க்கால் கரையோர வீட்டிலிருந்து. மண்பாதையில் கார் நிதானமாக ஏறியது. வாசலில் நின்ற அம்மா காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் எங்க?"

"நாந்தேன்."

"இந்தக் காலோடயா?"

"மாடு எங்க கட்டியிருக்கு?" என்றேன்.

மாட்டை முதலில் நன்றாகக் கட்டச் சொன்னேன். தொட்டிப் பக்கம் போகாமல் நின்றேன். கன்று தலைமாறிக் கிடந்தது. கையுறை மாட்டி, உள்ளே கைவிட்டுத் திருப்பி எடுக்க வெகு நேரம் பிடித்தது. கிடேரி. மூக்கைத் துடைத்ததும் தும்மியது. கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்து ஊரில் ஓர் எருமை தீனி எடுக்கவில்லையாம்.

"வழி சொல்லுங்க, வாரேன்" என்றேன்.