வரப்பில் ஏறிய நண்டுகள்

வெயில் ஏறிய நேரத்தில் நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து வரப்பின்மேல் கிறங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வயல் நண்டு அப்படிக் கிடக்கவே கிடக்காது. ஆள் நிழல் பட்டாலே வளைக்குள் போய்விடும். அன்றைக்கு அம்மா குனிந்து குனிந்து பொறுக்கினாள், ஒன்றுகூடக் கடிக்கவில்லை. "இன்னைக்கு நமக்கு அதிர்ஷ்டம்ட்டி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேல்வயலில் நின்று பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு வராது. செத்துப்போனவரை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தென்காசிக்கு மேற்கே தாத்தாவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது மேட்டு வயல் அவருக்கும், அதை அடுத்த பள்ளத்து வயல் அப்பாவுக்கும் வந்தன. நடுவில் ஒரு வரப்பு. அதில் நண்டு வளை போடும். அவர் கட்டி வைத்த தண்ணீர் வளை வழியாக எங்கள் வயலுக்குக் கசியும். மண்ணை வைத்து மிதித்தால் தீர்ந்தது, எல்லா ஊரிலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பெரியப்பா அதை நண்டின் வேலை என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். "எந்தம்பி நண்டுக்குச் சோறு போட்டுல்லாலே வளக்கான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் குற்றாலத்தில் சாரல் சரியாக விழவில்லை. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அவருக்குத் தூக்கத்திலும் அந்த வரப்புதான் ஞாபகமாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் அம்மாவிடம் நேரே பேசமாட்டார். தம்பி பெண்டாட்டியின் முகம் பார்த்து மூத்தவர் பேசுவது எங்கள் வீடுகளில் மரியாதை இல்லை. அதற்காக அவருக்கு எந்தக் காரியமும் நின்றுபோனதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தொழுவத்துக் கன்றுக்குட்டியைப் பார்த்து, "தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். குழம்பில் உப்பு கூடினால் சுவரிடம் புகார் சொல்லுவார். அம்மாவும் அப்படியே யாரையாவது சாக்கு வைத்துப் பதில் சொல்லுவாள். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

சாரல் பொய்த்த அந்த வருஷம் என் தம்பிக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. மேல்காற்று வீசினால் போதும், நெஞ்சுக்கூடு ஏறி இறங்க மூச்சுக்குத் தவிப்பான். நண்டு ரசம் கொடுத்தால் கொஞ்சம் தணியும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அன்று வரப்பில் பொறுக்கிய நண்டுகளைப் புறவாசலில் வைத்து உடைத்தாள். ஏதோ வாடை அடித்ததாம். வெள்ளைப்பூண்டு தட்டிய கைதானே என்று நினைத்துக்கொண்டாளாம். ஓட்டையும் கழிவையும் கோழிகள் கொத்தித் தின்றன. ரசம் கொதித்தது. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, ஊதி ஊதி ஆற்றி, டம்ளரை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள். அந்நேரம் அடுத்த வீட்டு அக்கா கத்தினாள்: "ஏட்டி, உங்கோழியெல்லாம் நுரை தள்ளிச் சுருண்டு கிடக்கு!" அம்மா டம்ளரைத் தட்டிவிட்டாள். ரசம் முழுவதும் தரையில் கொட்டியது.

அப்பா வயலுக்கு ஓடினார். வளைகளில் எல்லாம் பூச்சிமருந்து வாடை. பெரியப்பா விடிவதற்குள் ஊற்றியிருக்கிறார். தன் பிள்ளைகளிடம் மட்டும் வரப்புப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"அவ பொறுக்குததப் பாத்துக்கிட்டுதான அண்ணாச்சி நின்னிய? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று அப்பா அழுதுகொண்டே கேட்டார்.

"தம்பி பொண்டாட்டிகிட்ட நான் என்னைக்குலே பேசியிருக்கேன்? நீ அங்கன நின்னிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் பெரியப்பா.

கூடியிருந்தவர்களில் நாலைந்து பேர், அதுவும் முறைதானே என்று தலையாட்டினார்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அம்மா பக்கத்தில் நான் நின்றேனே, என்னிடம் சொல்லியிருக்கலாம். வரப்பிடம் சொல்லியிருக்கலாம். உப்புக்கு அகப்பட்ட சுவர், ஒரு பிள்ளையின் உயிருக்கு அகப்படவில்லையா? அவர் மறந்தார் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. தம்பி பிழைத்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போனான். சில வருஷம் கழித்துப் பெரியப்பா நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். ஒருநாள் பெரியம்மா வந்து வாசலிலேயே நின்றாள். "நண்டு ரசம் கேக்காக. நீ வச்சாத்தான் தொண்டையில எறங்குமாம்" என்றாள். போகக்கூடாது என்று நான் சண்டை போட்டேன். அம்மா காதில் வாங்கவில்லை. நல்ல நண்டாகத் தேடி வாங்கி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் பெரியம்மா டம்ளரைக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீ முதல்ல குடி."

அம்மா டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்தாள். நடுவில் நிறுத்தவில்லை. அடியில் கிடந்த மண்டி வரைக்கும் குடித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ரசம் தீந்துட்டுன்னு அவுககிட்ட சொல்லுங்க."