மர நிழலில் நின்றவர்கள்

புது சிக்னல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. மயிலாப்பூரில் ஒரு நாற்சந்தியில் கேமரா பொருத்தியிருந்தார்கள். வண்டிகள் சேர்வதைப் பார்த்துப் பச்சை விளக்கின் நேரத்தை அதுவே கூட்டும், குறைக்கும். நடப்பவர்களுக்குச் சாலை ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டம். அதில் ஆள் நின்றால் கடப்பதற்கான விளக்கு எரியும். கட்டம் காலியாக இருந்தால் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும்.

அன்று கடைசிச் சோதனை. நந்தனத்தில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் நானும் ஆபரேட்டரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிகளின் வரிசை குறைந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. கட்டத்தில் ஆளே இல்லையே என்று தோன்றியதுதான். கத்திரி வெயிலில் யார் வெளியே வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

திரையின் ஓரத்தில் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் பிசியோதெரபிக்குப் போகிறாள். ஆட்டோவில் போ என்றால் கேட்டால்தானே! கைத்தடியோடு தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. மஞ்சள் கட்டம் சற்றுத் தள்ளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

இந்த ஊரில் எந்த மனிதர் நிழலை விட்டுவிட்டு வெயிலில் நின்று சிக்னலுக்குக் காத்திருப்பார்? கட்டத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் கேமராவைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை. அவர்களுக்கு விளக்கு எரியப்போவதே இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். பைக்குள் கிடக்கும் போன் அவளுக்கு என்றைக்குக் கேட்டிருக்கிறது? காத்து அலுத்தவர்கள் வண்டிகளைப் பார்த்துக் கையை நீட்டியபடி ஓடினார்கள். அம்மாவும் கையை நீட்டிக்கொண்டு இறங்கினாள். அவளால் ஓட முடியாது.

“எல்லாப் பக்கமும் சிவப்பு போடுங்க!”

“டெஸ்ட் போய்க்கினு கீது மேடம். இப்போ கை வெச்சா மொத்தமும் வேஸ்ட்டு. சாராண்ட கேக்கணும்.”

“நடு ரோட்ல நிக்கிறது எங்கம்மா!”

அவர் திரும்பித் திரையைப் பார்ப்பதற்குள் நானே பொத்தானை அழுத்திவிட்டேன். சிவப்பு விழுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு பேருந்து அவளுக்கு வெகு அருகில் குலுங்கி நின்றது. அம்மா தடியை ஊன்றி ஊன்றி அக்கரை சேர்ந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மேலதிகாரியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மர நிழலையும் கேமரா பார்க்கும்வரை இதை நிறுத்திவையுங்கள் என்றேன்.

“நீங்க சிவப்பு போட்ட அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் கணக்குல சேக்காம ரிப்போர்ட்டை முடிங்கம்மா. வண்டிங்க நல்லாத்தானே போகுது? மரத்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சிக்னல் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“உன் சிக்னல் பிரமாதம்டி! நான் கால வெச்சேன், அத்தனை வண்டியும் கப்புன்னு நின்னுடுச்சு. திரும்பி வரும்போது மரத்தடில இருந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் பொண்ணு பாத்த சிக்னல், பயப்படாம இறங்குங்க, அதுவே நிறுத்தும்னு.”

“நிறுத்துனது சிக்னல் இல்லம்மா, நான்!” என்று கத்திவிட்டு, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அந்த மரத்தடிக்கு ஓடினேன்.