முருகன் அட்டைக்குள் ஒரு மோசடிக்காரி

செரண்டா தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப்போகும் வேனில் அவள் எப்போதும் ஜன்னலோரம் உட்காருவாள். ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பெரிதான கண்ணாடி. கையில் துப்பறியும் நாவல். வீட்டில் பக்திப் புத்தகம் என்று நினைக்கட்டுமென்று முருகன் காலண்டர் தாளில் அதற்கு அட்டை போட்டிருப்பாள். கதையில் மோசடிக்காரி யாரையாவது ஏமாற்றிவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

“துப்பறியிறவர பிடிக்காதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவரு கெட்டிக்காரருதான்க்கா. ஆனா வேல முடிஞ்சா ஆபிசுக்குத்தான் திரும்பணும். இவளுக்கு எறங்குற ஊருல எல்லாம் வேற பேருலா.”

தினமும் மாலை அவள் இறங்கும் அசாம் ஜாவா நிறுத்தத்தில் அவள் கணவர் மோட்டார்சைக்கிளோடு காத்திருப்பார். வேன் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் டிரைவரிடம் காரணம் கேட்பார். ஒருநாள் நல்ல மழை, அவரைக் காணவில்லை. அவள் இறங்காமல் நான் இறங்கும் கோலா சிலாங்கூர் வரை வந்தாள். நாவலை என் மடியில் வைத்துவிட்டுக் கிள்ளான் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலை அவர் வேனை மறித்து, அவள் எங்கே என்று கேட்டார். கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினாள் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் அதே ஜன்னலோரத்தில் இருந்தாள்.

“ஏன் வந்துட்ட?”

“கிள்ளான்ல சாப்பாட்டுக் கடையில வேல கெடச்சுச்சுக்கா. பேரு கேட்டாங்க. வேற பேரு வாயில வரல, என் பேரத்தான் சொன்னேன். நாலே நாள்ல விசாரிச்சு வந்துட்டாரு.”

நாவலை வாங்கி, விட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். சற்று நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதைக்குத்தான் சிரித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.